ஆவியாதல்–மழைக் கணக்கு லைப்ரரியைச் சுத்தம் செய்யணும்: எங்கே கை வைப்பது?

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

வணக்கங்க. பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற தானியங்கி வானிலை நிலையங்களின் பதிவை எடுத்து, தென்னைக்கும் நெல்லுக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்கிடும் பைத்தான் லைப்ரரி இது. உள்ளே நான்கு பகுதி: ஆவியாதல் (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் 56ஆம் தாள், 1998, பென்மன்–மான்டீத் சூத்திரம்), தினசரி மழை, காற்று, ஆற்று நீரளவு மாற்றம்.

பல கை பட்ட கோட். டாக்ஸ்ட்ரிங் (ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதும் விளக்கம்) மூன்று பாணியில் இருக்கிறது, பாதி ஃபங்ஷனுக்கு அதுவும் இல்லை. கமென்ட் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து கிடக்கிறது. ஒரே கணக்கு ‘காற்று_மாற்று’, ‘காற்று_மாற்று2’, ‘காற்று_புதிது’ என்று மூன்று பெயரில். எண் கணக்குக்கான நம்பை லைப்ரரியின் 2ஆம் பதிப்பைப் போட்டால் பாதி ஓடுவதில்லை. ஸ்ஃபிங்ஸில் டாக்ஸ் கட்டினால் எச்சரிக்கை திரை கொள்ளாமல் ஓடுகிறது.

நினைத்திருக்கும் வரிசை: முதலில் எல்லாக் கோப்பிலும் பிளாக் (கோடை ஒரே வடிவில் அடுக்கும் கருவி) ஓட்டுவது, அடுத்து பெயர்களைத் திருத்துவது, பழைய ஃபங்ஷன்களை அழிப்பது, கடைசியில் டாக்ஸ். ஒரே பிராஞ்ச், ஒரே புல் ரிக்வெஸ்ட். சரியாக வருமா? டெஸ்ட் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

சித்தூர்ப்புழை

கடைசியாகச் சொன்னீங்களே, டெஸ்ட் இல்லை என்று, அதுதான் முதல் வேலை. பிளாக்கை இப்போதைக்கு ஓட்டாதீங்க.

இன்றைக்கு இந்த லைப்ரரி என்ன எண் தருகிறதோ, அதை அப்படியே ஒரு கோப்பில் பூட்டி வைக்கணும். சரியா தப்பா என்று பார்க்கவே வேண்டாம். உள்ளீட்டுக்கு நாலு வாரத் தரவு போதும்: பங்குனியில் ஒரு வறண்ட வாரம், ஆடியில் அடைமழை வாரம், சென்சார் பாதியில் நின்றுபோன ஒரு வாரம், பிப்ரவரி 29 வருகிற ஒரு வாரம். கடைசியது எதற்கென்றால், சூரியக் கதிர்வீச்சுக் கணக்கு ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை வைத்து ஓடுகிறது. அந்த எண்ணில் ஒன்று கூடிக் குறைந்தால் வேறு எங்கேயும் தெரியாது.

வெளியீட்டை இரண்டு தசமத்துக்குச் சுருக்கிச் சி.எஸ்.வி.யில் போடாதீங்க. நம்பையின் சொந்தக் கோப்பு வடிவில் முழுத் துல்லியத்தோடு சேமியுங்க. ஒப்பிடும்போது ‘அப்படியே சமம்’ என்று கேட்கக் கூடாது. கூட்டும் வரிசை மாறினாலே, ஏன் பிராசஸர் மாறினாலே, கடைசி இலக்கங்கள் நகரும். நம்பையின் அசர்ட்_ஆல்குளோஸ் போதும், ஆனால் அதில் மூன்று இடத்தில் வழுக்கும்:

அதன் சார்புப் பிழை வரம்பு, எதுவும் சொல்லாவிட்டால் 10-இன் அடுக்கு –7. வெறும் துப்புரவு வேலைக்கு இது தாராளம், –10 என்று இறுக்குங்க. தனிப் பிழை வரம்பு சொல்லாவிட்டால் பூஜ்யம். மழைத் தரவில் பாதி நாள் பூஜ்யம்தானே, எதிர்பார்ப்பது 0 என்று இருக்கும் இடத்தில் 0.0000000000000001 வந்தாலும் டெஸ்ட் விழும். அதனால் மழைக்குத் தனியாக ஒரு சின்ன வரம்பு கொடுங்க. மூன்றாவது, அசர்ட்_ஆல்குளோஸ் இரண்டு பக்கமும் ‘நான்’ (NaN, அதாவது எண் இல்லாத இடம்) இருந்தால் சமம் என்று எடுத்துக்கொள்ளும். வெறும் ஆல்குளோஸ் அப்படி எடுக்காது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் சென்சார் நின்ற வாரம் உங்களைக் குழப்பும்.

மீனாட்சிபுரம் மழைமானி

சித்தூர்ப்புழை அண்ணா, ஒரு ஆட்சேபம். தப்பான எண்ணையும் பூட்டணுமா? உதாரணமா, நிறைவு ஆவியழுத்தத்தைச் சராசரி வெப்பத்தில் இருந்து கணக்கிட்டிருந்தால் அது தப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 56ஆம் தாளிலேயே உதாரணம் இருக்கு: அதிகபட்சம் 24.5, குறைந்தபட்சம் 15 °செ. இரண்டுக்கும் தனித்தனியாக எடுத்துச் சராசரி போட்டால் 2.39 கிலோபாஸ்கல். சராசரி வெப்பம் 19.75-க்கு எடுத்தால் 2.30. வளைவு மேல்நோக்கி வளைவதால் இரண்டாவது வழி எப்போதும் குறைத்தே காட்டும், ஆவியாதலும் குறைந்து வரும். இதைத் தெரிந்தே டெஸ்டில் எழுதி வைப்பதா?

சித்தூர்ப்புழை

ஆமா தம்பி, எழுதி வைக்கணும். அந்த டெஸ்டுக்கு மேலே ‘இது தற்போதைய நடத்தை, சரியான விடை அல்ல’ என்று ஒரு வரி போடுங்க. ஏனென்றால் துப்புரவு கமிட்டில் ஒரே ஒரு எண்கூட அசையக் கூடாது. அசைந்தால் அந்த கமிட் தப்பு. பிழைத் திருத்தம் தனி புல் ரிக்வெஸ்டாக வரட்டும். அதில் பூட்டிய எண் 2.30-இல் இருந்து 2.39 ஆக மாறுவது டிஃபிலேயே தெரியும், ரிவ்யூ செய்பவர் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். பெயர் மாற்றம், இடைவெளி மாற்றம், பிழைத் திருத்தம் மூன்றும் ஒரே டிஃபில் வந்தால் நாலாயிரம் வரிக்குள் அந்த 0.09 எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ஒரு நாள் தண்ணீர்த்தேவை கூடிவிட்டதே என்று, எந்த கமிட்டில் மாறியது எனத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினால், அது அந்த ஒற்றைப் பெரிய கமிட்டில் போய் முட்டி நிற்கும்.

மீனாட்சிபுரம் மழைமானி

இப்போ புரியுது அண்ணா. ஏற்றுக்கொள்கிறேன்.

வாளையார் மேல்காத்து

காற்றுப் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அங்கேதான் டாக்ஸ்ட்ரிங் இல்லாததன் விலை அதிகம்.

பென்மன்–மான்டீத்துக்கு 2 மீட்டர் உயரக் காற்று வேண்டும், மீ/விநாடியில். நிலையம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் அளக்கும். 10 மீட்டர் கம்பத்தில் அளந்ததை 4.87 / மடக்கை(67.8 × உயரம் – 5.42) ஆல் பெருக்கணும். 10 மீட்டருக்கு அது 0.748. மணிக்கு 18 கி.மீ. என்றால் 5 மீ/வி, 2 மீட்டரில் 3.74. இதில் நடக்கும் தப்பு நாலும் சத்தமே போடாது:

வேகம் கி.மீ/மணியில் இருப்பதை 3.6 ஆல் வகுக்காமல் விடுவது. உயரத்தைச் செ.மீ.யில் 200 என்று கொடுப்பது: காரணி 0.512 ஆகி, காற்று பாதியாகக் குறையும், பிழைச் செய்தி எதுவும் வராது. எக்செல் தாளில் இருந்து சூத்திரத்தை எடுத்து எழுதும்போது இயல் மடக்கைக்குப் பதில் 10 அடிமான மடக்கை போடுவது: 0.748-க்குப் பதில் 1.722. தாழ இருக்கும் காற்று மேலே இருப்பதைவிட வேகமாக வீசுகிறதென்றால் அங்கேயே சந்தேகம் வரணும். நாலாவது, ஏற்கெனவே 2 மீட்டருக்கு மாற்றிய பதிவை மறுபடி மாற்றுவது. ‘காற்று_மாற்று2’ என்ற பெயரில் இருக்கும் ‘2’ இரண்டாவது பதிப்பா, 2 மீட்டரா? அந்தப் பெயரே அந்தத் தப்புக்கு வழி.

இந்த ஃபங்ஷனுக்கு இப்போது ‘காற்று வேகத்தை மாற்றும்’ என்று ஒரு வரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம்பைடாக் பாணியில் எப்படி இருக்கணும் என்பதைத் தமிழிலேயே தருகிறேன்:

> காற்றின் வேகத்தைத் தரையில் இருந்து 2 மீ உயரத்துக்கு மாற்றும்.
>
> அளவுருக்கள்
> வேகம்: எண் அல்லது அணி. அளந்த உயரத்தில் காற்று வேகம் [மீ/வி]. ‘நான்’ இருந்தால் ‘நான்’ ஆகவே திரும்பும்.
> உயரம்: எண். காற்றுமானியின் உயரம், தரையில் இருந்து [மீ]. 0.5-க்குக் கீழோ 100-க்கு மேலோ இருந்தால் பிழை எழும்.
>
> திருப்புவது
> வேகத்தின் வடிவிலேயே ஓர் அணி [மீ/வி].
>
> குறிப்பு
> குட்டைப் புல் தரைக்கு மட்டும். எஃப்.ஏ.ஓ. 56, சமன்பாடு 47.
>
> உதாரணம்
> 10 மீட்டரில் 3.2 கொடுத்தால் 2.39.

முதல் வரி ஒரே வாக்கியம். ஒவ்வொரு அளவுருவுக்கும் அலகு சதுர அடைப்பில். ‘நான்’ வந்தால் என்ன ஆகும் என்பது கட்டாயம். 100 மீட்டருக்கு மேலே பிழை எழுப்பினால் செ.மீ.யில் கொடுத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். உதாரணம் தாளில் இருக்கும் எண்ணாகவே இருக்கட்டும், அங்கே 2.4 என்று இருக்கும்.

காற்றுத் திசைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மேல்காத்து என்றால் மேற்கே இருந்து வருவது என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பெயரிலேயே இருக்கிறது. கோடில் அது இல்லை. வானிலைப் பதிவில் 270 என்றால் மேற்கிலிருந்து வருகிறது. கிழக்கு நோக்கிய கூறு நேர்க்குறியாக வரணும், அதனால் சூத்திரத்தில் கழித்தல் குறியோடு வேகம் × சைன். அந்தக் கழித்தலை ‘தேவையில்லாதது’ என்று நினைத்து யாராவது துப்புரவு செய்தால் ஆடி மாத மேல்காத்து முழுக்கக் கீழ்க்காத்தாகிவிடும். திசைக்குச் சராசரியும் நேரடியாகப் போடக் கூடாது: 350-உம் 10-உம் வடக்குக் காற்று, கூட்டி இரண்டால் வகுத்தால் 180, அதாவது தெற்கு.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

ரொம்ப நன்றிங்க. டாக்ஸ் கட்டும்போது சமன்பாட்டுப் பக்கங்கள் உடைந்து வருகின்றன. ‘தீட்டா’ வரவேண்டிய இடத்தில் பெரிய இடைவெளியும் மிச்ச எழுத்தும்தான் இருக்கிறது. ‘காமா’ மட்டும் சரியாக வருகிறது.

வேலந்தாவளம்

டாக்ஸ்ட்ரிங் திறக்கும் மூன்று மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ எழுத்து இல்லை. சாதாரண ஸ்ட்ரிங்கில் பின்சாய்கோடும் ‘டி’-யும் சேர்ந்தால் டேப். அதனால்தான் தீட்டாவின் முதல் எழுத்து போய் இடைவெளி வந்திருக்கிறது. ‘ரோ’-வில் வரித் திருப்பமும், பின்னம் எழுதும் கட்டளையில் பக்க மாற்றக் குறியும், ‘பீட்டா’-வில் பின்னோக்கு அழிப்பும் ஆகிவிடும். காமாவுக்கும் டெல்டாவுக்கும் அப்படி ஒரு சிறப்புப் பொருள் இல்லாததால் தப்பிக்கின்றன, ஆனால் பைத்தான் 3.12-இல் இருந்து அவற்றுக்கும் தொடரியல் எச்சரிக்கை திரையிலேயே வரும். சமன்பாடு உள்ள எல்லா டாக்ஸ்ட்ரிங்கையும் ‘ஆர்’ போட்டுத் திறங்க. ஒரு மணி நேர வேலை.

எச்சரிக்கை குறைந்த பிறகு ஸ்ஃபிங்ஸை ‘எச்சரிக்கையும் பிழையே’ என்ற தெரிவோடு ஓட விடுங்க. ஸ்ஃபிங்ஸ் 8.1-க்கு முந்தைய பதிப்பு என்றால் கூடவே ‘நிற்காமல் தொடர்’ தெரிவும் வேண்டும், இல்லாவிட்டால் முதல் எச்சரிக்கையிலேயே நின்று, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடியும்.

ஆனைமலை அடிவாரம்

மழைப் பகுதியை யாரும் தொடவில்லையே. இந்த லைப்ரரியில் பயிருக்கு நேரடியாகக் கெடுதல் செய்யக்கூடியது அதுதான்.

இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30-க்கு முடியும். ஜூலை 16ஆம் தேதி மழை என்றால் 15ஆம் தேதி 8.30 முதல் 16ஆம் தேதி 8.30 வரை பெய்தது. தானியங்கி நிலையத்தின் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் அது 03.00. நள்ளிரவில் இருந்து நள்ளிரவு வரை கூட்டினால், ராத்திரி பெய்த மழை வேறு தேதியில் போய் விழும். மாத மொத்தம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், நாள்வாரியாக ஒன்றும் ஒத்துப்போகாது. அதனால்தான் இது வெகுநாள் கண்ணில் படாமல் இருக்கும்.

பாண்டாஸில் (அட்டவணைத் தரவுக்கான லைப்ரரி) ரீசாம்பிள் 24 மணி, தொடக்க நகர்வு 3 மணி, மூடுவது வலது ஓரம், பெயரிடுவதும் வலது ஓரம். நான்கையும் வெளிப்படையாக எழுதுங்க, பாண்டாஸ் தானாக எடுப்பது இடது ஓரம். பழைய கோடில் நகர்வுக்கு ‘பேஸ்’ என்ற அளவுரு இருக்கும். அது 1.1 பதிப்பில் விலக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டு 2.0-இல் போய்விட்டது.

இதைவிடப் பெரிய தப்பு கூட்டலில் இருக்கிறது. பாண்டாஸில் ஒரு நாளின் 24 பதிவும் ‘நான்’ என்றால் கூட்டுத்தொகை ‘நான்’ அல்ல, 0. அதாவது மழைமானி அடைத்துக்கொண்ட நாள் ‘மழை இல்லாத நாள்’ என்று பதிவாகும். ஆடி மழையில் வயல் நிரம்பி நிற்கும்போது லைப்ரரி ‘இன்றைக்குத் தண்ணீர் பாய்ச்சு’ என்று சொல்லும். குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற அளவுருவை 1 என்று கொடுத்தால் முழுக்கக் காலியான நாள் மட்டும் ‘நான்’ ஆகும், ஆனால் ஒரே ஒரு மணி நேரப் பதிவு இருந்தாலும் அதை நாள் மழை என்று எடுத்துக்கொள்ளும். நான் 24-ஐயே கேட்பேன். குறைவாக ஏற்பதென்றால் அது பயனர் கொடுக்கும் அளவுருவாக இருக்கட்டும், உள்ளே புதைந்த எண்ணாக வேண்டாம்.

பதிவு இல்லை என்பதைக் காட்டும் –999, 99.9 போன்ற குறியீட்டு எண்கள் எந்தக் கோப்பில் ‘நான்’ ஆகின்றன என்று பாருங்க. படிக்கும் இடத்திலேயே ஒரே முறை மாற்றணும். மூன்று ஃபங்ஷன் மூன்று இடத்தில் மாற்றினால் ஒன்றாவது விட்டுப்போகும். ‘எக்செப்ட்’ என்று வெறுமனே எழுதி, பிழை வந்தால் 0 திருப்பும் வரிகள் இருந்தால் அவையும் இதே கெடுதலைத்தான் செய்யும். தேடி எடுத்துவிடுங்க.

எல்லை எண்களும்: 2.5 மி.மீ. முதல் மழைநாள், 64.5 முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. இவை கோட் முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஒரே கோப்பில் பெயரிட்ட மாறிலிகளாக்குங்க. கூட்டி வந்த 64.5 கணினிக்குள் 64.49999999 என்று நிற்கலாம். ஒரு தசமத்துக்கு முழுமைப்படுத்திவிட்டு ஒப்பிடணும்.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

பார்த்துவிட்டேங்க. குறைந்தபட்ச எண்ணிக்கை எங்கேயும் இல்லை. சென்சார் நின்ற வாரம் ஏழு நாளும் 0.0 என்றுதான் வந்திருக்கிறது. முதலில் அதைப் பூட்டிவிட்டு, தனியாகத் திருத்துகிறேன். பிளாக் எப்போது ஓட்டலாம்?

வேலந்தாவளம்

எண்களைப் பூட்டிய பிறகு, பிழைத் திருத்தங்களுக்கு முன்னால். அதற்கும் முன்பு, திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்களை மெர்ஜ் செய்யுங்க அல்லது மூடுங்க, இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் முரண்பாடு வரும். பிளாக் கமிட்டில் கையால் ஒரு எழுத்துகூட மாற்றாதீங்க.

பிறகு ரெப்போவின் வேரில் ‘கிட் பிளேம் புறக்கணிப்பு’ கோப்பு ஒன்று வைத்து அந்த கமிட்டின் 40 எழுத்து ஹாஷை முழுசாக எழுதுங்க. கிட் 2.23-இல், 2019-இல், வந்த வசதி. கிட் அமைப்பில் இந்தக் கோப்பைச் சுட்டிவிட்டால் பிளேம் அந்த கமிட்டைத் தாண்டி, வரியை உண்மையில் எழுதியவரைக் காட்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு: ஹாஷையும் அதே புல் ரிக்வெஸ்டில் எழுதிவிட்டு, மெர்ஜ் செய்யும்போது, கமிட்களை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் கொடுப்பது. ஸ்குவாஷ் ஆனதும் ஹாஷ் மாறிவிடும், கோப்பில் இருப்பது எதையும் சுட்டாது. மெர்ஜ் ஆன பிறகு பிரதான பிராஞ்சில் இருந்து ஹாஷை எடுத்து அடுத்த புல் ரிக்வெஸ்டில் போடுங்க.

பழைய கோப்புகளில் தமிழ் கமென்ட் டிஸ்கியில் (பழைய தமிழ் எழுத்துக் குறியீடு) தட்டியதாக இருந்தால் பிளாக் அதைத் தொடவே தொடாது, பைத்தான் 3-உம் யுடிஎஃப்-8 இல்லை என்று நின்றுவிடும். முதலில் யுடிஎஃப்-8 ஆக்குங்க, அதுவும் தனி கமிட்.

மீனாட்சிபுரம் மழைமானி

நம்பை 2-க்கு: ரஃப்பில் (கோடைச் சோதிக்கும் கருவி) அதற்கென்றே ஒரு விதி இருக்கு, நம்பை 201. அது மட்டும் இயங்கும்படி ஓட்டினால் பெரிய எழுத்து ‘நான்’, ‘ஃப்ளோட்_’ போன்ற நீக்கப்பட்ட பெயர்களைத் தானே மாற்றும். ‘டிராப்ஸ்’ நம்பை 2.0-இல் விலக்கப்படும் பட்டியலில் சேர்ந்தது, அதன் இடத்தில் ‘டிராபிசாய்ட்’.

டாக்ஸ்ட்ரிங் உதாரணங்களை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்கள் விழுவது வேறு காரணத்தால். முன்பு 0.748 என்று மட்டும் அச்சான இடத்தில் இப்போது ‘என்பி.ஃப்ளோட்64’ என்ற உறையோடு அச்சாகும். எண் மாறவில்லை, அச்சு மாறியிருக்கு. உதாரணத்தில் பைத்தான் ஃப்ளோட்டாக்கி மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் பழைய நம்பை, புதிய நம்பை இரண்டிலும் ஓடும்.

சித்தூர்ப்புழை

மூன்று பெயரில் இருக்கும் காற்று ஃபங்ஷன்களை ஒரே நாளில் அழிக்காதீங்க. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டும் அதையே கூப்பிடும்படி செய்து, எச்சரிக்கை எழுப்புங்க. ‘டெப்ரிகேஷன் வார்னிங்’ போட்டால், அழைப்பு வேறொரு மாட்யூலுக்குள் இருந்து வரும்போது பைத்தான் அதைக் காட்டாமல் மறைத்துவிடும். இந்த லைப்ரரியைப் பயன்படுத்துவோர் நிரலாளர்கள் அல்ல என்றால் ‘ஃபியூச்சர் வார்னிங்’தான் கண்ணில் படும். ஸ்டாக்லெவல் 2 கொடுத்தால் லைப்ரரிக்குள் இருக்கும் வரியைக் காட்டாமல், பயனர் எழுதிய வரியைக் காட்டும். இரண்டு வெளியீடு கழித்து நீக்கலாம். ஆனால் மூன்றும் உண்மையிலேயே ஒரே எண் தருகின்றனவா என்று பூட்டிய டெஸ்டில் முதலில் பாருங்க.

ஆற்று நீரளவிலும் பெயர்தான் சிக்கல். எம்.சி.எஃப்.டி. என்றால் மில்லியன் கன அடி, எம்.சி.எம். என்றால் மில்லியன் கன மீட்டர், இடையில் 35.3 மடங்கு வித்தியாசம். சுருக்கெழுத்தை மாறிப் பெயரில் வைக்காமல் முழுசாக எழுதுங்க. ஒரு டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) 28.317 மில்லியன் கன மீட்டர். மணக்கடவில் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு வரும் 7.25 டி.எம்.சி. என்பது 205.3 மில்லியன் கன மீட்டர். இதையே டாக்ஸ்ட்ரிங் உதாரணமாகப் போட்டால் இரண்டு பக்கத்தாரும் ஒரே பார்வையில் சரிபார்ப்பார்கள். அந்தக் கணக்கின் நீராண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30. மத்திய நீர் ஆணையத்தின் நீராண்டு ஜூன் 1 முதல் மே 31. தொடக்க மாதத்துக்கு இயல்பு மதிப்பே வைக்காதீங்க, அழைப்பவர் சொல்லியே ஆகணும்.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

மொழி விஷயம்? கமென்ட் எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கணுமா? களத்தில் இருப்பவர்களுக்குத் தமிழும் மலையாளமும்தான் சரளம்.

வாளையார் மேல்காத்து

கோடுக்குள் கமென்ட் ஒரே மொழியில் இருக்கட்டும், ஆங்கிலம் என்றால் ஆங்கிலம். மாற்றும்போது ‘ஏன்’ என்று சொல்லும் கமென்ட்டை விடாதீங்க. ‘இந்த நிலையத்தில் கம்பம் 3 மீட்டர்’ என்பது தங்கம், ‘ஒன்றைக் கூட்டுகிறோம்’ என்பது குப்பை.

பயன்படுத்தும் வழிகாட்டி தமிழிலும் மலையாளத்திலும் கண்டிப்பாக வேண்டும். அதற்கு ஸ்ஃபிங்ஸின் மொழிபெயர்ப்புக் கோப்புகளே போதும். ஒரு விஷயம்: மூல வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அதன் மொழிபெயர்ப்பு ‘சந்தேகத்துக்குரியது’ என்று குறிக்கப்பட்டு, பக்கத்தில் சத்தமில்லாமல் ஆங்கிலம் வந்து உட்காரும். ஆகவே மூலத்தை முழுக்கத் திருத்தி முடித்த பிறகு மொழிபெயர்ப்பைத் தொடங்குங்க. முன்னால் தொடங்கினால் இரட்டை வேலை.

ஆனைமலை அடிவாரம்

மாற்றக் குறிப்பில் மழைத் திருத்தத்தை ‘சிறு பிழைகள் நீக்கம்’ என்ற வரிக்குள் அடக்கிவிடாதீங்க. எண் மாறும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி வரி வேண்டும், இந்த மாதிரி:

> தினசரி மழை: 24 மணி நேரப் பதிவும் இல்லாத நாளுக்கு முன்பு 0 மி.மீ. திரும்பியது, இனி ‘நான்’ திரும்பும். சில மணி நேரம் மட்டும் விடுபட்ட நாளும் இயல்பாக ‘நான்’ ஆகும். பழைய பதிப்பில் கணக்கிட்ட நீர்த்தேவை, சென்சார் நின்ற நாட்களில் உண்மையைவிட அதிகமாக இருக்கும். அந்த நாட்களை மறுபடி கணக்கிடவும்.

கொழிஞ்சாம்பாறைத் தென்னை

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேங்க. பூட்டும் டெஸ்ட் இன்று ராத்திரி ஏறிவிடும். நாலு வாரத் தரவோடு, வேறு எதையும் தொடாமல்.